மறதிக்கு மானியம் இல்லை

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப்புடவை வாங்க வரவில்லை என்று நான் சொன்னதை அந்த ஊரில் ஒருவர்கூட நம்பவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நம்பவில்லை. ஷேர் ஆட்டோக்காரர் நம்பவில்லை. லாட்ஜ் மேலாளர் அறைச் சாவியோடு சேர்த்தே நாலைந்து கடைகளின் விசிட்டிங் கார்டையும் நீட்டினார். மலேசியாவிலிருந்து ஒரு பெண்பிள்ளை தனியாக வந்து இறங்கினால் வேறு எதற்கு வந்திருப்பாள்? மறதி நோய் விஷயமாக வந்திருக்கிறேன் என்றேன். "யாருக்குமா, உங்களுக்கா?" என்று கேட்டார்.

நான் பினாங்கில் முதியோர் வார்டில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் கற்பகம் சென்னையில் மனநல மருத்துவர். சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் வார்டுக்குப் பயிற்சிக்கு வந்தபோது என் வீட்டு மாடியில்தான் தங்கினாள். என் கையால் சாப்பிட்ட பாசத்தில் இன்றைக்கும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் போன் செய்து, "அக்கா, டெல்லியிலிருந்து ஆள் வர்றார். நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக விமானம் ஏறினேன்.

விஷயம் இதுதான். கற்பகம் வெள்ளிக்கிழமைதோறும் சென்னையிலிருந்து பஸ் ஏறிக் காஞ்சிபுரத்துக்கு வருகிறாள். ஒரு பழைய சத்திரத்தின் பின்கட்டு அறையில் மறதி நோய்க்காரர்களைப் பார்க்கிறாள். டிமென்ஷியா என்று டாக்டர்கள் சொல்லும் நோய். கல்யாண வீட்டில் எதிரே வந்தவரின் பெயர் வாயில் வராமல் தவிப்பது எல்லோருக்கும் உண்டு. அது நோயல்ல. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் "எனக்கு ஏன் இன்னும் சோறு போடலை?" என்று சண்டைக்கு வருவதுதான் நோய்.

இந்த ஊரில் எத்தனை பேருக்கு இது இருக்கிறது, எப்படி வருகிறது, வைத்துப் பார்க்கிற குடும்பங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று ஆராய அரசாங்கத்திடம் பணம் கேட்டாள். டெல்லியிலிருந்து பதில் வந்தது. இந்த நோய் நம் நாட்டில் பெரிய அளவில் இருப்பதற்கு ஆதாரம் இல்லையாம்; ஆதாரம் காட்டினால் ஆராய்ச்சிக்குப் பணம் தருவதைப் பற்றி யோசிப்பார்களாம். ஆதாரம் தேடத்தானே ஐயா ஆராய்ச்சி? நீச்சல் கற்றுக்கொண்ட பிறகு குளத்தில் இறங்கு என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அவள் விடவில்லை. எழுதி எழுதி, ஓர் அதிகாரி நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார் என்ற இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். அவர் சரி என்றால் மூன்று வருடத்துக்குப் பணம் வரும், வெள்ளிக்கிழமை கிளினிக்கும் நிலைக்கும். இல்லை என்றால் மூடவேண்டியதுதான். பணம் வராத ஆராய்ச்சிக்கு இனிமேல் வெள்ளிக்கிழமைகளில் அனுப்ப முடியாது என்று அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது.

சென்னையிலிருந்து நான் ஏறிய பஸ் சுங்குவார்சத்திரத்தில் டீக்கு நின்றது. முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் கிளம்பிப் போய்விட்டது. என் பெட்டி உள்ளே, நான் வெளியே. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தேன். காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் அந்தக் கண்டக்டர் என் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பெட்டி எப்போதோ வந்துவிட்டது, நீங்கள்தான் தாமதம் என்று என்னையே கடிந்துகொண்டார். ஆளைத் தொலைத்தாலும் பெட்டியைத் தொலைக்காத ஊர். எங்கள் ஊரில் நேர்மாறாக நடந்திருக்கும்.

ஷேர் ஆட்டோவில் ஏறினால் என் மடியில் யாரோ ஒருவருடைய காய்கறிப் பை, காலடியில் இன்னொருவருடைய பாவு நூல் மூட்டை. சின்ன காஞ்சிபுரம் போகவேண்டும் என்றேன். டிரைவர் நேரே ஒரு பட்டுக்கடை வாசலில் நிறுத்தினார். "சும்மா பாத்துக்கினு வாங்கமா, வாங்க வேணாம். நீங்க உள்ள போனாவே எனக்குக் கமிஷன் இருக்குது" என்றார். அந்த நேர்மைக்காகவாவது உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. மற்ற பயணிகள் எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

வியாழக்கிழமை கற்பகம் வந்துவிட்டாள். அதிகாரி போகப்போகும் வீடுகளுக்கு அவளோடு நானும் ஒரு சுற்றுப் போனேன். மறுநாள் என்ன காட்டுவது, யார் பேசுவது என்று சொல்லிவைக்கவேண்டுமே.

முதலில் பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் என்ற நெசவாளியின் வீடு. தெருவில் நுழையும்போதே தறிச் சத்தம் கேட்டது. அவர் வீட்டு வாசலை மிதித்ததும் நின்றது. அவர் மனைவி தனபாக்கியத்துக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. வீட்டை விட்டு இறங்கிப் போய்விடுவதுதான் அவள் வியாதி. போன மாதம் ஐயம்பேட்டை பஸ்ஸில் ஏறிவிட்டாள். அங்கே அவர்களுக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. ஏன் போனாள் என்று அவளுக்கும் தெரியவில்லை.

பழம்புடவைக் கிழிசல் ஒன்று அவள் இடுப்பிலிருந்து தறிக்காலுக்குப் போயிருந்தது. நான் அதைப் பார்ப்பதை ஏகாம்பரம் பார்த்துவிட்டார். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "தறிக்குழியில எறங்கிட்டா ஏறிவர முடியாதுமா. நான் பட்டு நெய்யணும், இவளையும் பாக்கணும். என்ன பண்ணச் சொல்றீங்க? வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வர்றதாலதான் ஏதோ மூச்சு வுட்டுக்கினு இருக்கிறேன்" என்றார். கற்பகம் கொடுத்த மாத்திரையில் இவள் கொஞ்சம் தூங்குகிறாளாம். எதற்கு ஆத்திரப்படுகிறாள், எதைச் சொன்னால் அடங்குகிறாள் என்று சொல்லிக்கொடுத்த பிறகுதான் கட்டுகிற நேரம் பாதியாகக் குறைந்திருக்கிறதாம். அதிகாரி நம் வீட்டுக்கு வருவாரா என்று இரண்டு தடவை கேட்டார். மத்தியானம் கட்டாயம் அழைத்து வருகிறேன் என்றாள் கற்பகம். நாளைக்குத் தறி பூட்டப்போவதில்லை என்று அவர் முடிவு செய்துகொண்டார். டீயும் முறுக்கும் வந்தன. தனபாக்கியம் தன் முறுக்கை என் கையில் வைத்து, பஸ்ஸில் பசிக்கும், வைத்துக்கொள் என்றாள்.

அங்கிருந்து சின்ன காஞ்சிபுரம். வேதவல்லி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர்; சம்பளமில்லாத விடுப்பில் இருக்கிறாள். அப்பா சம்பத்து ஐயங்காரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறானாம். மாதம் ஒருமுறை போனில் கூப்பிட்டு, அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள் என்று உபதேசம் செய்கிறானாம். உபதேசத்துக்கு அங்கே தட்டுப்பாடு இல்லை போலிருக்கிறது.

சம்பத்து ஐயங்காரும் வாத்தியாராக இருந்தவர்தான். ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது பெருமாள் கோவில் கோஷ்டியில். காலையில் பெருமாள் முன்னால் ஆண்கள் வரிசையாக நின்று பாசுரங்களை மனப்பாடமாக, ஏட்டைப் பார்க்காமல் ஒரே குரலில் சொல்லுவார்கள். அதைத்தான் கோஷ்டி என்கிறார்கள். வயதும் வியாதியும் வந்த பிறகும் அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. "அவர் அங்க நிக்கற நேரந்தான் அக்கா நான் தலை வாரிக்கற நேரம்" என்றாள் வேதவல்லி.

இந்த நாமத்தைப் பற்றி எனக்கு அன்றுதான் பாடம் நடந்தது. அங்கே வைணவர்களில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்காரர்கள் நெற்றி நாமத்தின் கீழே மூக்கின் மேல் ஒரு சின்னப் பாதம் வைத்து முடிப்பார்கள். இன்னொரு கட்சிக்குப் பாதம் கிடையாது, வளைவோடு சரி. கோவிலில் யார் முன்னால் நிற்பது, யார் முதலில் வாயைத் திறப்பது என்று தலைமுறை தலைமுறையாகத் தகராறு. கோவில் யானைக்கு எந்த நாமம் என்று கோர்ட்டுக்குப் போன ஊர் என்பார்கள். சம்பத்து ஐயங்கார் பாதம் வைக்கும் கட்சி. சில நாட்களாக அவர் நாமத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாராம். வேதவல்லி போய் விரலால் பாதத்தை இழுத்து முடித்து அனுப்பிவைக்கிறாள். "அதை மட்டும் மறந்துட்டுப் போனார்னா என்னைக் கொன்னுடுவா" என்று சிரித்தாள்.

அவள் கொடுத்த கோவில் இட்லியைப் பற்றியும் சொல்லவேண்டும். மந்தாரை இலையில் வைத்து வேகவைத்தது. மிளகும் சீரகமும் சுக்கும் மூக்கில் ஏறின. லாட்ஜ் எதிரே இருந்த ஹோட்டலில் காஞ்சிபுரம் இட்லி என்று எனக்கு விற்றவன் நன்றாக இருக்கமாட்டான்.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரி வந்தார். வெள்ளை அம்பாசடர் கார். பின்சீட்டில் மனைவியும் இருந்தார். கிளினிக்கில் நாற்பது ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள், முதலில் அங்கே போய்விடலாம் என்றாள் கற்பகம். காஞ்சிபுரத்துக்கு வந்து முதலில் பெருமாளைப் பார்க்காமல் நோயாளியைப் பார்ப்பதா என்று அவர் சிரித்தார். என்னை அறிமுகம் செய்துவைத்தாள். "மலேசியாவா? பட்டு வாங்கியாகிவிட்டதா?" என்றார். இவருமா என்று நினைத்துக்கொண்டேன். அவரும் மனைவியும் பேசியதெல்லாம் ஆங்கிலமும் இந்தியும். இங்கே தமிழில் தருகிறேன்.

கோவிலுக்குள் போனபோது கோஷ்டி கூடிக்கொண்டிருந்தது. சம்பத்து ஐயங்கார் வேகமாக நடந்துவந்து தன் வழக்கமான இடத்தில் நின்றார். அதிகாரிக்குப் பலகாரம் செய்வதில் வேதவல்லி அடுக்களையில் மாட்டிக்கொண்டாள். அவள் அப்பா தானே நாமம் இட்டுக்கொண்டு தானே கிளம்பி வந்துவிட்டார். நெற்றியில் வளைவு இருந்தது. பாதம் இல்லை.

பக்கத்தில் நின்றவர் முதலில் பார்த்தார். பிறகு அடுத்தவர். வரிசை முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது. பெரியவர் ஒருவர் முன்னால் வந்து, அடிக்குரலில், "ஓய், உம்ம கோஷ்டி அந்தப் பக்கம் இருக்கு. அங்க போய் நில்லும்" என்றார். சம்பத்து ஐயங்காருக்கு ஒன்றும் புரியவில்லை. அதே இடத்தில் கைகட்டிக்கொண்டு நின்றார். எதிர்க் கட்சிக்காரர்கள் வேறு அந்தப் பக்கத்திலிருந்து சிரித்துவைத்தார்கள். டெல்லி அதிகாரி மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்ததால், அவர் எதிரில் ரசாபாசம் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தார்கள்.

பாசுரம் ஆரம்பித்ததும் அந்த மனிதர் வேறு ஆளாகிவிட்டார். முதுகு நிமிர்ந்தது. குரல் மற்ற எல்லோர் குரலுக்கும் மேலே தெளிவாக நின்றது. ஒரு சொல் தடுக்கவில்லை. நடுவில் இரண்டு பேர் அடி தவறி முழித்தபோது, அவர்கள் பார்வை இவர் வாயைத்தான் தேடிப் போனது. எனக்கு இது புதிதல்ல. எங்கள் வார்டில் பெற்ற மகனையே தெரியாத ஒரு சீனக் கிழவி சின்ன வயதுத் தாலாட்டை முழுதாகப் பாடுவாள். ஆழத்தில் பதிந்தது கடைசியில்தான் போகும். அது நர்சுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவர் கன்னத்தில் நீர் வழிந்ததைப் பார்த்ததும் நான் கற்பகத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"இவர்தான் உங்கள் நோயாளியா?" என்று வெளியே வந்ததும் கற்பகத்திடம் கேட்டார். கற்பகம் நடந்துகொண்டே விளக்கினாள். அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. இரண்டு நாமத்துக்கும் வித்தியாசம் தெரியாத அவர், அந்தக் காலையில் அந்த மனிதருடைய நோய் நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருந்ததைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் அதை நோய் என்று நினைக்கவில்லை. அவர் கட்சி மாறிவிட்டார் என்று நினைத்தார்கள். எந்தப் பக்கம் திரும்பிக் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

வேதவல்லி வீட்டில் கூடத்தில் உட்கார்ந்தோம். அப்பாவின் நெற்றியைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அதிகாரி எதிரில் அதைக் காட்டிக்கொள்ளாமல் காபி கொண்டுவந்து வைத்தாள். கற்பகம் வழக்கமான கேள்விகளை ஆரம்பித்தாள். பிரதமர் யார் என்ற கேள்வியை அவள் எப்போதோ எடுத்துவிட்டாள். பிரதமர்கள் மாறிக்கொண்டே இருந்த அந்த வருடங்களில் நல்ல ஞாபகம் உள்ளவர்களே அதில் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். "அதுக்குத்தானேம்மா பஞ்சாங்கம்? எல்லாத்தையும் மண்டையில வச்சுண்டா பஞ்சாங்கம் போடறவன் என்ன பண்ணுவான்?" என்றார் சம்பத்து ஐயங்கார். இது எந்த ஊர் என்றதற்கு, "நீங்க சொல்லுங்கோ பார்ப்போம்" என்று வாத்தியார் பார்வை பார்த்தார். கற்பகம் மொழிபெயர்த்துச் சொன்னதும் அதிகாரி தொடையைத் தட்டிச் சிரித்தார். பதில் தெரியாததை மறைக்கத்தான் இந்தச் சாமர்த்தியம் என்று நான் குறுக்கே புகுந்து சொன்னேன். இவ்வளவு சாமர்த்தியம் உள்ளவருக்கு என்ன நோய் என்றார்.

கற்பகம் வேதவல்லியைப் பார்த்தாள். வேதவல்லி தலையை ஆட்டினாள். எதிரே போய் நின்று, "அப்பா, நான் யாரு?" என்றாள்.

அவர் அவளை நன்றாகப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மரியாதையாக எழுந்தார். "உக்காருங்கோம்மா. நின்னுண்டே இருக்கேளே. யார் ஆத்துப் பொண்ணு நீங்க?" என்றார்.

இந்தத் தடவை நான்தான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அதிகாரி லேசாகச் சிரித்துவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டார். "என் அப்பாவும் இப்படித்தான். என்னைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். வயதானால் அப்படித்தான் அம்மா. இதற்கெல்லாம் ஆராய்ச்சியா? மேல்நாட்டில் பெற்றோரைக் கொண்டுபோய் விடுதியில் தள்ளுகிறார்கள், அவர்களுக்கு இது நோய். நமக்குக் குடும்பம் இருக்கிறது" என்றார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்த மனிதருக்கு வந்தும் தெரியவில்லை. குடும்பம், குடும்பம் என்கிறாரே, யார் அந்தக் குடும்பம்? இந்த வீட்டில் அந்தக் குடும்பம் சம்பளத்தை விட்டுவிட்டு, தலை வாராமல், கையில் காபித் தட்டோடு அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தது. எங்கள் அரசாங்கமும் எல்லாவற்றையும் தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்துவிடவில்லை. வார்டில் இரண்டு கட்டில் கூடுதலாக வாங்க நான் பட்ட பாட்டை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். மலாய்க்காரர்கள் இந்த மறதி நோய்க்கு ‘ஞாஞுக்’, அதாவது கிழட்டுப் புத்தி, என்று பெயர் வைத்துக் கேலி பண்ணுவார்கள். ஆனாலும் எங்கள் அதிகாரிகள் யாரும் நோயாளியின் எதிரில் காபி குடித்துக்கொண்டு உனக்கு நோயே இல்லை என்று சொன்னதில்லை.

உங்கள் அப்பாவை வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். என் மனைவி இருக்கிறாளே என்றார். மனைவி அப்போது எங்களோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது ஏகாம்பரம் வீடு என்று கற்பகம் ஞாபகப்படுத்தினாள். பட்டுக்கடையை முடித்துவிட்டுப் போகலாம் என்றார் அதிகாரி. அவர் அண்ணன் மகளுக்குக் கல்யாணமாம். அம்மையாரோடு நீங்கள் போங்கள் அக்கா, நான் கிளினிக்கில் கூட்டத்தைப் பார்க்கிறேன் என்று கற்பகம் என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். ஊரே தீர்ப்பு எழுதியிருந்தபடி நான் பட்டுக்கடைக்குள் போனேன்.

வெள்ளை விரிப்பின் மேல் புடவைகளை வீசி வீசிப் பிரித்தார்கள். எங்களுக்கு ரோஸ் மில்க் வந்தது. அதிகாரி கல்லாப் பக்கத்தில் முதலாளியோடு ஜரிகை விலை பேசிக்கொண்டிருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிள்ளையார்பாளையத்தில் தறி பூட்டாமல் ஒரு மனிதர் காத்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு எனக்கு. ஒவ்வொரு புடவையும் என் தலைமேல் வந்து விழுகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் அந்த அம்மாள் எந்தப் புடவையையும் பார்க்காமலே நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திடீரென்று என் பக்கம் சாய்ந்து, "நீங்கள் நர்ஸ்தானே?" என்றார். ராத்திரியில் எழுந்து கதவைத் திறந்துகொண்டு போகிறவருக்கு என்ன கொடுப்பது என்று கேட்டார். மாமனார்தான். இரண்டு தடவை போலீஸ் தேடிக் கொண்டுவந்து விட்டதாம். இப்போது வெளியே பூட்டுப் போட்ட அறையில் வைத்திருக்கிறார்கள், சாவி வேலைக்காரியிடம். "வந்ததிலிருந்து என் உயிர் அங்கேதான் இருக்கிறது. தீப்பிடித்தால் அவருக்குக் கதவைத் தட்டக்கூடத் தெரியாது" என்றார். டெல்லியில் டாக்டர்கள் இல்லையா என்றேன். கணவர் விடமாட்டாராம். பெரிய பதவியில் இருக்கிறவருடைய அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிடுமாம். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பூட்டை விடுங்கள், கதவில் மணி கட்டுங்கள், பகலில் துணையோடு நடக்கவிடுங்கள், கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அந்த அம்மாள் ஒரு மாணவிபோலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கல்லாவிலிருந்து கணவர் திரும்பிப் பார்த்ததும் கைக்கு அகப்பட்ட மாம்பழ நிறப் புடவையைத் தூக்கிக் காட்டினார்.

நாங்கள் சத்திரத்துக்குப் போனபோது கிளினிக்கில் பாதிக் கூட்டம் கலைந்திருந்தது. வேதவல்லி ஒரு மூலையில் அப்பாவை உட்காரவைத்துக்கொண்டு அழுது முடித்த முகத்தோடு இருந்தாள். கோஷ்டிப் பெரியவர்கள் வீட்டுக்கே வந்து, அவர் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். எதிர்க் கட்சியிடம் எவ்வளவு பணம் வாங்கினார் என்று கேட்டார்களாம். கற்பகம் உடனே இது வியாதி என்று சர்டிபிகேட் எழுதிக் கொடுத்திருக்கிறாள். வேதவல்லி அதை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். வியாதிக்காரருக்குக் கோஷ்டியில் என்ன வேலை, வீட்டில் படுக்கவைத்துக்கொள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நோய் இல்லை என்றால் துரோகி, நோய் என்றால் தள்ளுபடி. அவளுக்குத் தலை வாரிக்கொள்ள இருந்த அந்தக் கொஞ்ச நேரமும் போயிற்று.

அதிகாரி வாசற்படியிலிருந்தே உள்ளே எட்டிப் பார்த்தார். அறை நல்ல காற்றோட்டமாக இருக்கிறது என்றார். நேரமாகிவிட்டது, இருட்டுவதற்குள் சென்னைக்குப் போகவேண்டும் என்றார். வாசலில் ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து மனைவியை நடத்தியே அழைத்து வந்திருக்கிறார். தலை சீவி, பூ வைத்து, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிவிட்டிருந்தார். இடுப்பில் கட்டும் அந்தக் கிழிசல் இல்லை, கையைத்தான் இறுகப் பிடித்திருந்தார். அதிகாரியைப் பார்த்ததும் கும்பிட ஒரு கையைத்தான் தூக்க முடிந்தது. அவர் பதிலுக்குத் தலையை அசைத்துவிட்டு அவர்களைக் கடந்து காருக்குப் போனார்.

கற்பகம் பின்னாலேயே போய், என்ன எழுதப்போகிறீர்கள் என்று நேராகக் கேட்டுவிட்டாள். அவர் அன்பாகத்தான் பேசினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் சேவை பெரிது, ஆனால் மலேரியாவும் காசநோயும் இருக்கிற நாட்டில் இதற்கு முதலிடம் கொடுக்க முடியாது என்றார். காலையில் கோவிலில் கண்ணால் கண்ட பிறகு, நம் பெரியவர்களுக்கு ஞாபகம் போய்விட்டது என்று எழுத என் மனம் ஒப்பவில்லை என்றார். வேண்டாம் என்றுதான் எழுதப்போகிறேன், மன்னியுங்கள் என்று கைகூப்பினார். கற்பகம் திரும்பி நடந்து, கிளினிக்குக்குள் மிச்சமிருந்த கூட்டத்தைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கார்ப் பக்கத்திலேயே நின்றேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பின்கண்ணாடி இறங்கியது. மடியில் புடவைப் பொட்டலத்தோடு அந்த அம்மாள் வெளியே தலை நீட்டினார். இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை. கணவர் காதில் நன்றாக விழும்படிதான் கேட்டார்.

"சிஸ்டர், மாமனாரை இங்கே கொண்டுவந்தால் இந்த டாக்டர் பார்ப்பாரா? இவ்வளவு தூரத்தில் எங்களை யாருக்கும் தெரியாது. காஞ்சிபுரத்துக்குச் சாமி கும்பிடப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். வெள்ளிக்கிழமைதானே?"

"வெள்ளிக்கிழமைதான் அம்மா. தாராளமாக வாருங்கள். ஆனால் கிளினிக் இருக்காது. உங்கள் வீட்டுக்காரர் இப்போதுதான் அதை மூடிவிட்டு வந்து காரில் ஏறியிருக்கிறார்" என்றேன்.

அந்த அம்மாள் கணவருடைய பிடரியைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். அவர் திரும்பவில்லை. டிரைவரிடம் "சலோ" என்றார்.